வழியை மறித்த கொடி

சிதம்பரம்
18.9.2024

செல்வம்,

யூசுப்பின் போனிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாய். இரண்டு தடவையும் நான்தான் வைத்தேன். பேசினால் கத்துவேன், கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். உன் போனையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். இருபத்தேழு வருஷம் கரும்பலகையில் எழுதியவளுக்குக் கூடப்பிறந்தவனுக்கு ஒரு கடுதாசி எழுத இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியாமல் போயிற்று.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கோபம் என்றால் நாலு நாளில் ஆறும். இது அப்படி இல்லை. சோற்றில் கை வைத்தால் அந்த வீடியோ கண்ணுக்கு முன்னால் வருகிறது. அம்மாவுக்குப் பால் தெளிக்கப் போனவன், அம்மாவுக்கு என்று வாங்கின கற்பூரத்தைக் கொட்டிக் கொளுத்தி, அதில் தேசியக் கொடியை வைக்கிறாய். அது நூல் துணிகூட இல்லை, பாலியஸ்டர். எரியாமல் உருகிச் சொட்டுகிறது. நீ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாய். இதை எனக்குக் காட்டியது யார் தெரியுமா? என் பள்ளிக்கூடத்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். "டீச்சர், இது உங்க தம்பிங்களா?" என்று கேட்டார்கள். தலைமையாசிரியை ஆனபிறகு முதல் தடவையாகப் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லாமல் அறைக்குள் போனேன்.

அது நான் ஏற்றிய கொடி. உனக்கு நன்றாகத் தெரியும். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி சக்தி கார்டன்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று போனேன். மனை போட்டு விற்ற அறிவழகன்தான் அவர்கள் சங்கத்துக்குத் தலைவர், அவர் சால்வை போர்த்தினார். உள்ளே பூ வைத்து மடித்து நானே முடிச்சுப் போட்டேன். ஒரே இழுப்பில் அவிழ்ந்து பூ கொட்டியது. பிறகு கயிற்றைக் கம்பத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டியதும் நான்தான். பன்னிரண்டு நாள் கழித்து அதைத்தான் நீ கொளுத்தினாய்.

உன்னைக் கொண்டுபோய் கடலூர் ஜெயிலில் வைத்தார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெற்ற பிள்ளை இல்லை. உன் இடத்தில் மருமகன்தான், உன் மாமாதான் உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு வயதில் மீசையை எடுத்துக்கொண்டு வந்து நின்றவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அன்றிலிருந்து அவரும் சரியாகப் பேசுவதில்லை.

இதெல்லாம் போதாது என்று உன் வக்கீல் ஸ்ரீமதி நேற்று வீட்டுக்கு வந்தது. நல்ல பெண்தான். ஆனால் கேட்டதைக் கேள். கொடி கிழிந்து கீழே கிடந்தது, கிழிந்த கொடியை எரித்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும் என்று கொடி விதியிலேயே இருக்கிறது, செல்வம் மரியாதையாக எரித்தார் என்று நான் சொல்ல வேண்டுமாம். ஏற்றியவளே சொன்னால் கேஸ் நிற்காதாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறது. விதியில் அப்படி இருப்பது உண்மைதான், நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தனியிடத்தில், மரியாதையோடு. நீ செய்தது அதுவா? கொடியை எரித்தால் மூன்று வருஷம் வரை ஜெயில் என்று சட்டம் சொல்கிறது. சரியான சட்டம். என் தம்பி என்பதற்காக அது வளைய வேண்டாம்.

சுடுகாட்டுப் பாதையை மறித்துவிட்டார்கள் என்று ஸ்ரீமதியிடம் சொன்னாயாம். வாய்க்கால் கரையோடு சுற்றிப் போனால் பத்து நிமிஷம் ஜாஸ்தி, அவ்வளவுதானே. அம்மாவை எடுத்த அன்று பெண்கள் நாங்கள் வழக்கம்போல் தெருமுனையோடு நின்றுவிட்டோம். நீங்கள் அத்தனை ஆண்கள் போனீர்கள், வந்தீர்கள். ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லையே. பத்து நிமிஷ நடைக்காகவா இது?

கனிமொழி


கடலூர், செம்மண்டலம்
23.9.2024

அக்கா,

உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, ஏசி மெக்கானிக் கையெழுத்து இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

ஸ்ரீமதி மேடத்தை உன்னிடம் நான் அனுப்பவில்லை. நீ பொய் சொல்ல வேண்டாம். கொடி கிழியவும் இல்லை, கீழே கிடக்கவும் இல்லை. நான்தான் கயிற்றை அவிழ்த்தேன். சுய நினைவோடு, கோபத்தோடு செய்தேன். மரியாதையாக எரித்தேன் என்று யாராவது சொன்னால் எனக்குத்தான் அசிங்கம்.

இங்கே தினமும் பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஜாமீன் கொடுத்தபோது போட்ட நிபந்தனை, கடலூரை விட்டுப் போகக் கூடாது. பத்து மணிக்குப் போனால் ஒரு மணிக்குத்தான் நோட்டு வரும். "கொடி பார்ட்டி வந்தாச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்கிறார்கள். ஒருவர் டீ வாங்கி வரச் சொல்வார். வாங்கி வந்தால், "நீ தொட்டதக் குடிச்சா எங்களையும் தேசத் துரோகின்னுடுவான்" என்று சொல்லிவிட்டுக் குடிப்பார்.

யூசுப் வீட்டு மாடியில் இருக்கிறேன். சார்ஜாவில் ஆறு வருஷம் ஒரே அறையில் கிடந்தவர்கள் நாங்கள் என்று உனக்குத் தெரியும். ஆனால் முதல் மூன்று நாள் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வருஷா வருஷம் கடை வாசலில் கொடி கட்டுகிறவன் அவன். நாலாவது நாள் கேட்டான், "நீ எரிச்சதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு இருக்கற. நான் எரிச்சிருந்தா எங்க இருப்பேன்னு யோசிச்சியாடா?" அவன் மனைவி மெகருன்னிசா சோறு கொடுத்தனுப்புகிறது.

அந்தக் கம்பத்தின் கதை உனக்கு முழுசாகத் தெரியாது. பாதையில் முதலில் சங்கிலி போட்டார்கள். நம் தெருக்காரர்கள் நாலு மனு கொடுத்தோம். ஜூலையில் தாலுகா ஆபீஸ்காரர்கள் டேப்போடு வந்து அளந்தார்கள், இது பொதுப் பாதைதான் என்று கல்லும் நட்டார்கள். அறிவழகன் என்ன செய்தான்? பத்தே நாளில் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அதே இடத்தில் மேடை கட்டினான், கம்பம் நட்டான், உன்னைக் கூப்பிட்டான். அடுத்த வாரம் அளக்க வந்தவர்கள் மறுபடி வந்தார்கள். மேலே கொடி பறந்தது. வண்டியை விட்டு இறங்கி ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். "கொடி இருக்குப்பா, நாங்க கை வெச்சா எங்க வேல போயிடும்" என்றார்கள். சாமி சிலை வைத்து இடம் பிடிப்பவனைப் பார்த்திருக்கிறோம். இவன் அதைவிடக் கெட்டிக்காரன். அவனுக்கு அது கொடி இல்லை அக்கா, பூட்டு.

பத்து நிமிஷம் என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நாங்கள் வாய்க்கால் பக்கமாகச் சுற்றித்தான் போனோம். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

செல்வம்


சிதம்பரம்
2.10.2024

செல்வம்,

கல் நட்ட கதை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மேடையில் ஏறியிருக்க மாட்டேன். அது என் தப்பு. விசாரிக்காமல் சால்வைக்குத் தலை நீட்டினேன். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது. மேடையை உடைத்திருந்தால் கடப்பாரை வாங்க நானே கடைக்கு அனுப்பியிருப்பேன். அறிவழகன் சட்டையைப் பிடித்திருந்தால் ஜாமீன் எடுக்க முதல் ஆளாக வந்திருப்பேன். கொடி என்ன செய்தது உன்னை? அது அவனுடையதா? அவன் பூட்டாகப் பயன்படுத்தினான் என்பதற்காக நம்முடையதை நாமே கொளுத்துவதா? வீட்டுக்குள் திருடன் புகுந்தால் வீட்டுக்கு நெருப்பு வைப்பவனைப் பார்த்து ஊர் என்ன சொல்லும்? போராடு, கத்து, மறியல் பண்ணு. யார் வேண்டாம் என்றது? கொடியை எரித்து எதிர்ப்புக் காட்டுவதற்கு மட்டும் இந்த நாட்டில் இடம் இருக்கக் கூடாது. தினம் காலையில் அறுநூறு பிள்ளைகள் அதைப் பார்த்து நிற்கிறார்கள். அவர்களுக்கு நான் வேறு என்ன சொல்லட்டும்?

மேலிடத்திலிருந்து எனக்கு ஒரு தாள் வந்திருக்கிறது. குற்றவாளிக்கும் எனக்கும் என்ன உறவு என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். "உடன்பிறந்த தம்பி" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் எழுத எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

சரி, அதை விடு. வேறொன்று கேட்க வேண்டும். "அதைப் பற்றி எழுத மாட்டேன்" என்று ஒரு வரி போட்டு முடித்திருக்கிறாய். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. அம்மாவை எடுத்த அன்று உன் மாமா வீட்டுக்கு வந்தவர் வாசலுக்குள் வரவில்லை. தோட்டத்து மோட்டாரைப் போட்டு ஒரு மணி நேரம் குளித்தார். கட்டியிருந்த வேட்டியைத் துவைக்கப் போடாமல் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார். கேட்டதற்குத் "தீட்டு" என்றார். எத்தனை சாவுக்குப் போய் வந்திருக்கிறார், எந்த வேட்டியைக் கொளுத்தினார்? அதன் பிறகு அவர் வாய்க்கால் பக்கமே போவதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஊரைச் சுற்றுகிறார். நேற்று நான் நெருக்கிக் கேட்டபோது, "உன் தம்பியக் கேளு" என்றார். சொல்லிவிட்டு அழுதார். முப்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

என்ன நடந்தது? மறைக்காமல் எழுது. எழுதவில்லை என்றால் இனிமேல் நீ எனக்குக் கடுதாசி போட வேண்டாம்.

கனிமொழி


கடலூர், செம்மண்டலம்
10.10.2024

அக்கா,

உன்னிடம் சொல்வதில்லை என்று சுடுகாட்டில் வைத்தே நாங்கள் பேசிக்கொண்டோம். மாமாவே உடைத்துவிட்டார் என்றால் நான் மறைத்து என்ன ஆகப்போகிறது. சாப்பிடுவதற்கு முன்னால் இதைப் படிக்காதே.

அன்று நாங்கள் முதலில் நேர் பாதையில்தான் போனோம். மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் நுழைகிற அளவுக்கு இடம் இருக்கிறது, பார்த்திருப்பாய். சங்கிலியைக் கழற்றினால் பாடையைக் கொஞ்சம் சாய்த்துக் கொண்டுபோய்விடலாம். வாட்ச்மேன் விடவில்லை. "கொடி பறக்குது. அதுக்குக் கீழ பொணத்த எடுத்துக்கினு போவக்கூடாது, அவமரியாத. தலைவர் சொல்லியிருக்காரு" என்றான். மாமா கெஞ்சினார். வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "ஹெச்செம் அம்மா கையால ஏத்துன கொடி. அவங்க தம்பி நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்களே, அது. திரும்பினோம்.

வாய்க்கால் கரை இப்போது நீ நினைக்கிற மாதிரி இல்லை. சக்தி கார்டன் வீடுகளின் கக்கூஸ் தொட்டிகளை உறிஞ்சுகிற லாரி அங்கேதான் வந்து குழாயைத் திறந்துவிடுகிறது. தண்ணீரே கிடையாது. கறுப்பாக, கெட்டியாக, மேலே நுரையோடு நிற்கிறது. கரையிலும் அதுதான். நான் தீச்சட்டி எடுத்துக்கொண்டு முன்னால் போனேன், அதனால் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. முன்னால் இடது பக்கம் தூக்கியிருந்தது மாமா. அவர் கால்தான் வழுக்கியது. பாடை சாய்ந்தது. அம்மா உள்ளே போய்விட்டாள்.

முகம் கீழே இருந்தது. நான் சட்டியைப் போட்டுவிட்டு இறங்கினேன், இடுப்பு வரைக்கும். மாமா ஏற்கெனவே உள்ளே கிடந்தார். இரண்டு பேரும் கையால் தடவித்தான் தூக்கினோம். நீ போர்த்திய அந்த மாம்பழக் கலர் கோடிப் புடவை என்ன கலரில் வந்தது என்று எழுத மாட்டேன். மூக்கில், வாயில், காதில் எல்லாம் இருந்தது. வழித்துவிட்டோம். கழுவத் தண்ணீர் இல்லை. சிதையைச் சுற்ற வைத்திருந்த நீர்க்குடம் ஒன்றுதான். அதை ஊற்றி முகத்தை மட்டும் கழுவினோம். அதனால் சுற்றும்போது என் தோளில் இருந்தது வெறும் குடம். குடத்தில் ஓட்டை போடுகிறவர் என் முகத்தைப் பார்த்தார். நான், "போடுங்க" என்றேன். தண்ணீர் வரவே இல்லை. மூன்று சுற்றும் சுற்றி உடைத்தேன்.

அந்தப் பள்ளத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மதிலுக்கு மேல் கொடி தெரிந்தது. நல்ல காற்று. நன்றாகப் பறந்தது.

மறுநாள் பால் செம்போடு போனேன். மறுபடியும் அதே வாட்ச்மேன், சங்கிலியில் கை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு நடந்ததை நீ வீடியோவில் பார்த்தாய். நான் கிழிக்கவில்லை, மிதிக்கவில்லை. அதைச் சட்டம் கணக்கில் எடுக்காதாம், மேடம் சொன்னார். எதிர்ப்புக் காட்டத்தான் எரித்தேன். அறிவழகனுக்கும், சல்யூட் அடித்துவிட்டுப் போனவர்களுக்கும் எதிராக. உனக்கு எதிராக இல்லை. ஆனால் அவிழ்க்கும்போது அது நீ போட்ட முடிச்சு என்று நினைவு இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதையெல்லாம் யூசுப்பிடம் சொன்னேன். "இப்பவும் நீ செஞ்சது எனக்கு அருவருப்பாத்தான் இருக்கு மச்சான். ஆனா எனக்கு அருவருப்பா இருக்குன்னு உன்ன எதுக்கு மூணு வருஷம் உள்ள போடணும்? பிடிக்கலன்னா உங்கிட்டப் பேசாம இருந்துக்கறேன், சோறு போடாம இருந்துக்கறேன். அது என் சொந்த சமாச்சாரம். அதுக்கு எதுக்கு போலீசு?" என்றான். சொல்லிவிட்டு, "சாப்புட வா" என்றான்.

செல்வம்


சிதம்பரம்
22.10.2024

செல்வம்,

சாப்பிடுவதற்கு முன்னால் படிக்காதே என்று எழுதியிருந்தாய். சாப்பிட்டுவிட்டுப் படித்தேன். எல்லாம் வெளியே வந்துவிட்டது. இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். உன் மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "என் காலுதான் வழுக்குச்சு கனி, என் காலுதான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன ஆறுதல் சொல்வது? அந்தக் கொடியை அங்கே ஏற்றியது என் கை. அவர் கால் என்ன பெரிய கால்.

சாமான் சட்டி விழுந்தாலே எடுத்து நாலு தடவை கழுவுகிறவள் அம்மா. வெளியில் போய் வந்தால் காலைக் கழுவாமல் நடைக்குள் விடமாட்டாள். அவளுக்கு இது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு சக்தி கார்டனுக்குப் போனேன். சுதந்திர தினத்துக்குக் கட்டிய அதே வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். நீ எரித்த மறுநாளே புதுக் கொடி போட்டுவிட்டார்கள், முன்னதைவிடப் பெரியது. வாட்ச்மேன் வணக்கம் வைத்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினேன். சல்யூட் அடித்தேன். முடிச்சை அவிழ்த்து நிதானமாக இறக்கினேன். தரையில் படவில்லை. காவியையும் பச்சையையும் உள்ளே மடித்து, சக்கரம் மேலே தெரிகிற மாதிரி மடித்து, இரண்டு உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டு நின்றேன்.

அறிவழகன் ஓடி வந்தார். "என்ன மேடம் இது?"

"ஏத்துனவளுக்கு எறக்கத் தெரியாதா? பொழுது சாயுது, எறக்கிட்டேன்."

"இப்பல்லாம் ராத்திரியும் பறக்கலாம்னு வந்துடுச்சு மேடம்."

"பறக்கலாம்னுதான் வந்திருக்கு. பறந்தே ஆவணும்னு வரல. இந்தாங்க, உங்க சங்கத்துக் கொடி. வாங்கிக்கங்க."

கொடியை நீட்டினால் வாங்காமல் இருக்க முடியுமா? ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். அப்போதுதான் நம் தெருக்காரர்கள் கடப்பாரையோடு வந்து சேர்ந்தார்கள். நான் சொல்லி வைத்திருந்தேன், கொடி கீழே வருகிற வரைக்கும் ஒருவரும் தலை காட்டக் கூடாது என்று. கொடி இல்லாத கம்பம் வெறும் இரும்புக் குழாய்தானே. முதல் அடியை உன் மாமா போட்டார்.

அறிவழகன் கத்தினார். கத்தத்தான் முடிந்தது. கையில் கொடி இருக்கிறது. கீழே வைக்க முடியாது, அக்குளில் இடுக்க முடியாது. சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க முடியவில்லை. "இதப் புடிடா" என்று வாட்ச்மேனைக் கூப்பிட்டார். அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையி சுத்தமில்ல சார்" என்றான். கடைசியில் அவர் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவதற்குள் மேடையில் பாதி போய்விட்டது. மீதியை நின்று பார்த்தார். நான் அவருக்குச் சொன்னேன், "கொடிக்கு ஒரு கொறையும் வரல பாத்துக்கங்க, நான் சாட்சி."

சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு அப்போது கொஞ்சம் சிரிப்பு வந்தது உண்மை. வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. ஒரு கயிற்றை அவிழ்க்கிற வேலை. அதைப் பதினைந்தாம் தேதி சாயங்காலமே செய்திருந்தால் அம்மா அந்தப் பள்ளத்துக்கே போயிருக்க மாட்டாள். நீ அவிழ்த்து மடித்திருந்தால் மட்டும் விட்டிருப்பார்களா? கொடியைத் திருடினான் என்று வேறு ஒரு கேஸ் போட்டிருப்பார்கள். நான் தலைமையாசிரியை, வெள்ளைப் புடவை கட்டியவள். அதனால் அது மரியாதை ஆயிற்று.

எனக்கு மெமோ வரும். வரட்டும்.

கனிமொழி


சிதம்பரம்
21.11.2024

செல்வம்,

மெமோ வந்தது. பதில் எழுதிவிட்டேன். அதற்குள் சுடுகாட்டுப் பாதையில் இரண்டு சாவு போய் வந்துவிட்டது. நேர் வழியில் போய் வந்தார்கள்.

முந்தாநாள் உன் கேசை விசாரிக்கிற அதிகாரி என்னை வரச் சொன்னார். அதற்கு முதல் நாள் ஸ்ரீமதி மறுபடி வந்தது. "இப்பவாவது யோசிங்க மேடம், கிழிஞ்சிருந்துச்சுன்னு ஒரு வார்த்த போதும்" என்றது. முடியாது என்றேன். முதலில் முடியாது என்றது கொடிக்காக. இப்போது முடியாது என்பது அம்மாவுக்காக. கொடி கிழிந்திருந்தது, நீ மரியாதை செய்தாய் என்று சொல்லிவிட்டால், அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். அம்மா வாய்க்காலில் விழவே இல்லை என்று ஆகிவிடும்.

நான் இப்போது என்ன நினைக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். நீ எரித்ததை நினைத்தால் இன்னும் எனக்கு உடம்பு கூசுகிறது. அது போகாது போலிருக்கிறது. ஆனால் சரியான சட்டம் என்று எழுதினேனே, அதை இனிமேல் என்னால் சொல்ல முடியாது. நீ என் தம்பி என்பதற்காக இல்லை. சட்டப் புத்தகத்தை வாங்கி உட்கார்ந்து படித்தேன். எரிப்பவனுக்கு, கிழிப்பவனுக்கு, மிதிப்பவனுக்கு எல்லாம் இடம் வைத்திருக்கிறார்கள். கொடியைக் காட்டி ஒரு பிணத்தை மலக்குழிப் பக்கம் திருப்பிவிடுகிறவனுக்கு ஒரு வரி இல்லை. அவன் மேல் எனக்கு வருகிற அருவருப்புக்குச் சட்டத்தில் இடமில்லை என்றால் உன் மேல் வருகிற அருவருப்புக்கு மட்டும் எதற்கு ஜெயில்? யூசுப் சொன்னதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. நீ ஊருக்கு வந்தால் நாலு நாள் உன்னிடம் பேச மாட்டேன். அது நமக்குள்.

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். பக்கத்தில் ஒருவர் டைப் அடித்தார்.

"சம்பவத்துக்கு முன்னாடி கொடிய எப்ப கடைசியாப் பாத்தீங்க?"

"எங்கம்மாவ எடுத்த அன்னிக்குக் காலையில. ரோட்டுலேர்ந்து தெரியும்."

"எந்த நெலையில இருந்துச்சு?"

"நல்ல நெலையில இருந்துச்சு. கிழிசல் இல்ல. ஒரு பொட்டு அழுக்கு இல்ல. எங்கம்மாதான் மலத்துல கெடந்தாங்க."

டைப் அடிப்பவர் கையை எடுத்துவிட்டார். அதிகாரி, "அது இந்தக் கேசுக்குத் தேவையில்லைங்க மேடம்" என்றார். அதுதான் கேசே என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், வெறும் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றியது வரைக்கும். காது கொடுத்துக் கேட்டார். பிறகு டைப் அடிப்பவரைப் பார்த்து, "மொத மூணோட முடிச்சுக்கய்யா" என்றார். எனக்குப் படித்துக் காட்டினார்கள். கொடி நல்ல நிலையில் இருந்தது. கிழிசல் இல்லை. அழுக்கு இல்லை. அவ்வளவுதான் இருந்தது.

மூன்றும் உண்மை. மூன்றும் உன்னை உள்ளே தள்ளும். என்னிடம் கோபம் இருந்தால் எழுது.

அக்கா


கடலூர், செம்மண்டலம்
27.11.2024

அக்கா,

மழை. தாள் நனைந்திருந்தால் அதனால்தான்.

கோபம் இல்லை. ஸ்ரீமதி மேடம் உன்மேல் வருத்தத்தில் இருக்கிறார். முதல் சாட்சியே நீதானாம், இந்த மூன்று வரி போதுமாம். அம்மாவைப் பற்றிய நாலாவதைக் கோர்ட்டில் நீயாகவே சொன்னாலும் தண்டனை குறையும் என்று நம்ப வேண்டாம் என்றார். குறைய வேண்டாம்.

கோர்ட்டில் உன்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்கும்போது வேகமாகச் சொல்லிவிடாதே. முதல் மூன்றையும் அவர்கள் கேட்கிறபடி சொல். நாலாவதை மட்டும், எழுதுகிறவர் எழுதி முடிக்கிற வரைக்கும் நின்று, நிறுத்தி நிறுத்திச் சொல். எழுதிவிட்டாரா என்று எட்டிப் பார். அது தாளில் ஏறினபிறகு என்னை எத்தனை வருஷம் போட்டாலும் போடட்டும்.

செல்வம்